கடல் கடந்தோர் இல்லமும் இல்லப் பொருள்களும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிற்றூர் ஒன்றில் இலக்கிய வட்டத்தைத் தொடங்குவது எளிது. அதனைப் பத்தாண்டுக் காலம் விடாது நடத்துவது அரிது. அவ்வரிய செயலைச் செய்துள்ள இவ்வட்டத்தின் விழாவிற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள், வெளிநாடு சென்ற தமிழர் அங்கே தம் இருப்பிடத்தை எவ்வாறு அமைத்துக்கொண்டனர் என்பது. கட்டில், பாய், பெட்டி, அம்மி, விளக்கு ஆகியவற்றிற்கும் இலக்கியத்திற்கும் என்ன தொடர்பு எனச் சிலர் எண்ணக்கூடும். அயல்நாட்டில் ஒருவன் தன் அறையில் எப்பொருளை வாங்கி வைத்தான், எதனை வாங்காமல் விட்டான் என்பதைக் கொண்டு, அவன் மனம் எந்த ஊரில் குடியிருந்தது என்பதை ஓரளவு அறியலாம். மனம் குடியிருக்கும் இடத்தைத் தேடுவது இலக்கியத்தின் வேலை. ஆதலின் இப்பொருள் இந்த அவைக்கு உரியதே.

இலுப்பூரில் நின்று கடல் கடந்தோரைப் பற்றிப் பேசுவதும் பொருத்தமானதே. 1948 மார்ச்சு 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணையும் வரை தொண்டைமான் மன்னர்தம் ஆட்சியில் இருந்ததும், 1974 சனவரி 14 முதல் தனி மாவட்டமாக விளங்குவதுமான புதுக்கோட்டைச் சீமை, பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. குளமும் கண்மாயும் நிறைந்தால் சோறு. நிறையாவிட்டால் ஊரை விட்டு நடை. அந்த நடை கண்டிச் சீமைக்கும், மலாயாவுக்கும், பர்மாவுக்கும் நம் மக்களைக் கொண்டு சென்றது. இன்றும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் கொண்டு செல்கிறது.

பொருள் தேடிப் பிரிதலைத் தமிழ் இலக்கணம் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. பொருள்வயிற் பிரிவு என அதற்குப் பெயரும் இட்டது. கடல் கடந்து செல்லும் பயணம் மகளிரோடு அமைவதில்லை என்னும் கருத்துடைய நூற்பா ஒன்று தொல்காப்பிய அகத்திணையியலில் உள்ளது. உரையாசிரியர்கள் அதற்கு ஒரே வகையாகப் பொருள் கொள்ளவில்லை எனினும், கடற்பயணத்தைக் குறித்தது என்னும் விளக்கமே பரவலாக அறியப்பட்டது. இந்த மரபின் விளைவு யாது? மனைவி இருக்கும் இடமே மனை; கணவன் சென்ற இடம் வெறும் தங்குமிடம். பாலைத்திணைப் பாடல்கள் தலைவி இருக்கும் இல்லத்தையும், தலைவன் நடக்கும் வழியையும் விரிவாகப் பாடின. அவன் போய்ச் சேர்ந்த ஊரில் எங்கே படுத்தான், எதில் உண்டான் என்பதைப் பெரும்பாலும் பாடவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதற்கு வரலாற்றில் சான்றுகள் உள்ளன.

முதற் சான்று, நகரத்தார் கிட்டங்கி. கிடங்கு என்னும் சொல்லோடு உறவுடைய இச்சொல், சிங்கப்பூர், பினாங்கு முதலிய ஊர்களில் செட்டியார் வட்டிக்கடைகள் இயங்கிய நீண்ட கூடங்களைக் குறித்தது. சிங்கப்பூரில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் புகழ் பெற்றவை. ஒரே கூடத்தில் பல கடைகள் இருக்கும். ஒவ்வொரு கடைக்கும் உரிய இடத்தில் தரையில் அமர்ந்து எழுதுவதற்கு ஏற்ற தாழ்வான சிறு மேசைப் பெட்டி ஒன்று, கணக்கேடுகளும் பத்திரங்களும் வைக்கும் அலமாரி ஒன்று, ஒரு பாய். பகலில் அதுவே அலுவலகம். இரவில் அதே தரையில் பாயை விரித்தால் அதுவே படுக்கை அறை. சமையல் பொதுவானது. முகவர், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிநிலைகள் இருந்தன. ஆனால் நாற்காலி இல்லை, கட்டில் இல்லை. முகவர் ஒருவர் பொதுவாக மூன்றாண்டுக் காலம் இருந்து கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார்; வேறொருவர் அந்தப் பாயில் வந்து அமர்வார்.

இதனை வறுமை எனக் கொள்ளலாகாது. இலட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடந்த இடம் அது. பர்மாவை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் 1930ஆம் ஆண்டில் நூற்றுக்கு 6 பங்களவே செட்டியார்களிடம் இருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியால் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், அடகு வைத்த நிலம் கைமாறியதால் 1938 அளவில் அது ஏறத்தாழ 25 பங்காக உயர்ந்தது. கால் பங்கு நிலம் இவர்தம் பெயரில் இருந்தது. ஆயினும் பெரும்பாலோர்க்கு அந்த நாட்டில் குடும்பத்தோடு வாழும் வீடு இல்லை.

வீடு எங்கே இருந்தது? நம் மாவட்டத்தின் தென்பகுதியில் இருந்தது. இராயவரம், அரிமளம், கோனாப்பட்டு, நச்சாந்துபட்டி முதலிய ஊர்களிலும், அவற்றை அடுத்த சிவகங்கைச் சீமையின் செட்டிநாட்டு ஊர்களிலும், ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாக அவ்வீடுகள் எழுந்தன. பர்மாத் தேக்கில் தூண்கள், இத்தாலியச் சலவைக் கல்லில் தளம், பெல்ஜியத்துக் கண்ணாடி, ஐரோப்பாவிலிருந்தும் சப்பானிலிருந்தும் வந்த எனாமல் பாத்திரங்கள், உள்ளூர் ஆத்தங்குடிக் கல் ஆகியவற்றால் அவை நிறைந்தன. தரையில் பாய் விரித்துப் படுத்தவர், தாம் இல்லாத வீட்டிற்கு உலகம் முழுவதிலிருந்தும் பொருள் வாங்கினார். அவர் உடல் மார்க்கெட் தெருவில் இருந்தது. அவர் குடியிருந்தது முகப்பும் வளவும் உடைய அந்த வீட்டில்.

ஆனால் அந்த வீட்டை ஆண்டு அனுபவித்தவர் யார் என்று கேட்டால் விடை துயரமானது. மூன்றாண்டு அங்கே, சில காலம் இங்கே என ஆடவர் வாழ்நாள் கழிந்தது. அந்தப் பெரிய வீடுகளில் ஆண்டு முழுவதும் நடமாடியவர் ஆச்சிமார்களும் முதியோரும் குழந்தைகளுமே. 1942இல் சப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது பலர் அனைத்தையும் விட்டு வெளியேறினர். 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் நிலம் நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. 1962இல் இராணுவ ஆட்சி வந்தபின் வணிகமும் நாட்டுடைமை ஆயிற்று. வருமானம் நின்றதும் வீடுகள் பூட்டப்பட்டன. பல பங்காளிகளுக்கு உரியவை ஆதலின் பராமரிப்பும் குறைந்தது. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் அந்த வீடுகளின் மரப்பெட்டிகளும், கண்ணாடிகளும், எனாமல் தூக்குகளும் விற்பனைக்கு இருக்கின்றன. கடல் கடந்து வந்த பொருள்கள் மீண்டும் வேறு வீடுகளைத் தேடிச் செல்கின்றன.

இரண்டாம் சான்று இலங்கை மலையகம். இது முன்னதற்கு நேர் எதிரானது. நம் பகுதி உழைக்கும் மக்களுக்கு மிக நெருக்கமானதும் ஆகும். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் திரட்டிய மக்கள் கடற்கரை வரை நடந்து, படகேறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மலைக்கு நடந்தனர். 1830களில் பரவத் தொடங்கிய காப்பித் தோட்டத்திற்குப் பறிப்புக் காலத்தில் மட்டுமே மிகுதியான ஆள் தேவைப்பட்டது. ஆதலின் ஆடவர் பலர் பருவத்தில் சென்று, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். நோயால் காப்பி அழிந்து, 1867இல் தொடங்கிய தேயிலைப் பயிர் அவ்விடத்தைப் பிடித்தபின் நிலைமை மாறியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதற்குப் பெண்களின் உழைப்பு வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக மக்கள் சென்றனர். செடி மாறியதால் குடித்தன முறையே மாறிய வரலாறு இது.

குடும்பம் சென்ற இடத்தில் வீடு உருவாயிற்று. அந்த வீட்டின் அளவு பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. லயம் என்னும் வரிசைக் கட்டடத்தில் ஒரு குடும்பத்திற்கு ஒரு காம்பிரா. முன்னால் ஒரு சிறிய இஸ்தோப்பு. காம்பிரா போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்தது. இஸ்தோப்பு டச்சுச் சொல்லின் வழி வந்தது. சொல்லும் அயலது, சுவரும் தோட்டத்துரைக்கு உரியது. ஆனால் உள்ளே இருந்தவை அனைத்தும் இவர்களுடையவை. அடுப்பு, அம்மி, பாய், கொழுந்துக் கூடை, மழைக்கும் குளிருக்கும் உடுத்தும் படங்கு, துணியும் துண்டுச் சீட்டும் வைக்கும் தகரப் பெட்டி, சுவரில் சாமி படம். இஸ்தோப்பின் மூலையில் விறகு. வெளியே ஒரு சாண் நிலத்தில் கீரையும் மிளகாயும்.

வீட்டுப் பொருள்களோடு தெய்வங்களும் குடியேறின. ஊரிலிருந்து மாரியம்மனும் முனியாண்டியும் சென்றது வியப்பன்று. கவ்வாத்து வெட்டும் தொழிலுக்குக் கவ்வாத்துச் சாமி, கொழுந்து பறிக்கும் தொழிலுக்குக் கொழுந்துச் சாமி, தேயிலை ஆலையின் சக்கரத்திற்கு ரோதமுனி எனப் புதிய மண்ணுக்கே உரிய தெய்வங்களை அம்மக்கள் படைத்துக்கொண்டனர் என்பதே கருதத்தக்கது. மூன்றாண்டில் திரும்பப் போகிறவன் புதுத் தெய்வத்தைப் படைப்பதில்லை. இருக்கப் போகிறவனே படைப்பான். கிட்டங்கியில் இல்லாத வீடு இந்தப் பத்தடிக் காம்பிராவில் இருந்தது.

ஆனால் வரலாறு இரக்கமற்றது. இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாத்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதென 1974இல் மற்றோர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒரு குடும்பம் தன்னோடு கொண்டுசெல்ல இசைவளிக்கப்படும் சொத்தின் உச்ச வரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழ் குறைக்கப்படாது என்பது 1964 ஒப்பந்தத்தின் ஒரு கூறு. மூன்று தலைமுறையின் வாழ்வை மூட்டை கட்டும்போது எதை எடுப்பது, எதை விடுவது? அம்மியை எடுக்க முடியாது. ரோதமுனியையும் எடுக்க முடியாது. சக்கரம் ஆலைக்கு உரியது.

அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். மண்டபம் முகாமில் தங்கினர். முன்னோர் தோட்டத்திற்குச் செல்லும்போது நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டதும் மண்டபத்திலேதான். அங்கிருந்து சிலர் பாட்டன் பிறந்த ஊரைத் தேடி வந்தனர்; சிலர் நீலகிரிக்கு அனுப்பப்பட்டு, அவர்களுக்கெனவே 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் சிலோன்காரர். அங்கே இந்தியாக்காரர் எனப்பட்டவர் இங்கே சிலோன்காரர் ஆயினர். தாயகம் திரும்பியோர் என அரசாணை அவர்களைக் குறித்தது. ஆனால் மலையிலே பிறந்து மலையிலே வளர்ந்த பெண்ணுக்கு, வெயில் காயும் இந்தப் பொட்டல் அன்றோ அயல்நாடு? தமிழ்நாட்டில் தமிழ் பேசிக்கொண்டே, அயல்நாட்டில் குடித்தனம் அமைக்கும் பாட்டை அவள் பட்டாள். வெளிநாடு என்பது கடலுக்கு அப்பால்தான் இருக்கும் என்று கவிஞர்கள் எண்ண வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனி இன்றைய நிலையைக் காண்போம். மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் மறைந்துவிட்டன. ஆனால் கிட்டங்கி மறையவில்லை. அதன் பெயர் மாறியிருக்கிறது. சிங்கப்பூரில் கட்டுமானப் பணிக்கும் கப்பல் கட்டும் பணிக்கும் செல்லும் நம் இளைஞர்கள் தொழிலாளர் விடுதிகளில் தங்குகின்றனர். வேலை அனுமதிச் சீட்டில் செல்வோர் குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாது. கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின் 2021இல் அறிவிக்கப்பட்ட புதிய தரநிலை, ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்றும், ஒருவருக்கு 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்றும் கூறுகிறது. அஃதாவது ஏறத்தாழ 45 சதுர அடி. அந்த இடத்திற்குள் ஒரு கட்டில், பூட்டுடைய ஓர் அலமாரி, ஒரு கைபேசி மின்னூட்டி. அவன் அங்கே எதையும் வாங்கி வைப்பதில்லை. ஆனால் இங்கே அவன் வீட்டின் தளத்திற்கு எந்த நிறத்தில் கல் பதிப்பது என்பதைக் கைபேசித் திரையில் பார்த்துச் சொல்கிறான். நிலைக்கதவு வைக்கும் நாளில் அவன் முகம் திரையில் தெரிகிறது. மூன்றாண்டுக் கணக்கு இன்றும் முடிந்தபாடில்லை.

குடும்பத்தோடு சென்றோர் நிலை வேறு. அவர்கள் அடுப்படியிலிருந்து குடித்தனத்தைத் தொடங்குகின்றனர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் மாவரைக்கும் எந்திரம் பெரும்பாலும் அப்படியே ஓடும்; மின்னழுத்தம் அங்கும் 230 வோல்ட்டு அளவிலேயே உள்ளது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ட்டு ஆதலின் அது ஓடாது. இதற்கெனவே 110 வோல்ட்டில் இயங்கும் எந்திரங்கள் நம் நாட்டில் செய்யப்பட்டு அங்கே அனுப்பப்படுகின்றன. குளிர் நாட்டில் மாவு புளிக்காது. விளக்கெரியும் அடுப்புப் பெட்டிக்குள் வைத்துப் புளிக்க வைக்கின்றனர். இவை சிறு செய்திகள் எனத் தோன்றலாம். ஆனால் மாவு புளிக்கும் இடத்தை ஒரு பெண் கண்டுபிடித்த நாளில்தான் அந்த அறை வீடாகிறது. அந்த வீட்டில் வளரும் குழந்தைக்கு எது ஊர் என்னும் வினாவும் அன்றுதான் தொடங்குகிறது.

இலக்கியம் இவற்றைக் கண்டதா? சிறிதளவு கண்டது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' தேயிலைத் தோட்டத்தை 1930களிலேயே தமிழ்ச் சிறுகதைக்குள் கொணர்ந்தது. மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை அம்மக்களின் வாழ்வை எழுதியதோடு, அவர்தம் நாட்டுப்பாடல்களையும் திரட்டினார். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, 1938இல் இந்தோனேசியாவின் மெடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குச் சென்ற ப. சிங்காரம், 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என இரு புதினங்களைத் தந்தார். நாம் தேடும் பெட்டியடியும் பாயும் அவற்றில் உயிரோடு உள்ளன. அவர் வாழ்க்கையும் எண்ணத்தக்கது. மனைவியையும் குழந்தையையும் அங்கே இழந்து, 1946இல் தாயகம் திரும்பி, மதுரையில் நாளிதழ்ப் பணி செய்த அவர், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இளைஞர் கிறித்தவச் சங்க விடுதியில் தனி அறையில் வாழ்ந்து 1997இல் மறைந்தார். ஊருக்குத் திரும்பிய பின்னும் அவர் குடித்தனம் அமைக்கவில்லை.

கிட்டங்கியில் இருந்தவர் அங்கே வீடு அமைக்கவில்லை, இங்கே அமைத்தார், அதில் வாழவில்லை. லயத்தில் இருந்தவர் அங்கேயே வீடு அமைத்தார். அதில் நிலைக்க விடப்படவில்லை. இருவருள் யார் இழந்தது மிகுதி என அளக்க முடியாது. ஆனால் முன்னவர் விட்டுச் சென்ற வீடு கல்லும் மரமுமாக நிற்கிறது. அதைப் பார்க்க அயல்நாட்டார் வருகின்றனர். பின்னவர் விட்டு வந்த காம்பிராவுக்குச் சான்று, அவரோடு வந்த தகரப் பெட்டி ஒன்றே. அந்தப் பெட்டிகள் நம் பகுதி வீடுகளின் பரணில் துருவேறிக் கிடக்கின்றன; பழைய இரும்பு வாங்கும் வண்டி தெருவில் வரும்போது எடைக்குப் போகின்றன.

ஆதலின் இவ்வட்டத்தின் கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில், பாடுவதற்கு முன் ஒரு பட்டியல் எழுதுவோம். இலுப்பூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கடல் கடந்து வந்த பொருள் எந்த வீட்டில் இருந்தாலும் சென்று பார்ப்போம். யார் கொணர்ந்தது, எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து, அது வந்த நாளில் வீட்டில் இருந்தவர் யார், வராமல் அங்கேயே விடப்பட்டது எது என ஐந்து வினாக்களைக் கேட்போம். குறிப்பாகக் கடைசி வினாவைப் பாட்டிமாரிடம் கேட்க வேண்டும். கப்பலேறும் முன் மூட்டையைக் கட்டியவர் பெரும்பாலும் அவர்களே. அவர்கள் பலர் எண்பது வயதைக் கடந்துவிட்டனர். இன்னும் பத்தாண்டு கழித்து இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது இந்த வினாக்களுக்கு விடை சொல்ல அவர்களுள் எத்தனை பேர் இருப்பர் என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டியல் கவிதை ஆகுமா என ஐயுற வேண்டா. அம்மியை விட்டு வந்தோம் என்று ஒரு மூதாட்டி சொல்லும்போது, அதனைப் பிழையின்றி எழுதி வைத்தாலே போதும். எஞ்சியதைக் காலம் எழுதிக்கொள்ளும். இவ்வட்டம் நீடு வாழ்க.